கோழியா, தாராவா

காலை பதினொன்று பத்துக்கு என் மகளின் கை என் கையில் இல்லை.

நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். நாட்டுக்கு விடுதலை என்றைக்கு என்று அறிவிக்கப்போகும் கூட்டம் அது. பிற்காலத்தில் யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று கடிகாரம் பார்க்க இடது கையைத் தூக்கினேன். அந்தக் கையில்தான் அவள் விரல்கள் இருந்தன. நேரத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே விட்டபோது பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

மலாக்காவின் கடலோரத் திடல் முழுக்கத் தலைகள். எட்டு வயதுப் பெண், மற்றவர்களின் இடுப்பு உயரம்தான் இருப்பாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அதை உற்சாகம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் கையை உயர்த்திக் கூடவே கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வரிசையே கத்தியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது. "முனியாண்டி, பிள்ளையைக் கொடுத்துவிடு. என் வீட்டில் வளர்த்த சேவல் ஒன்றை உனக்குக் கொடுக்கிறேன்." அன்று என் வீட்டில் ஒரு கோழி இறகுகூடக் கிடையாது. வாங்கிய சேவல் என்று சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் தாராளமாகப் பேசிவிட்டேன்.

நாற்பது நிமிடம் கழித்து ஐஸ் உருண்டை விற்பவரின் வண்டிக்குப் பக்கத்தில் அவளைக் கண்டுபிடித்தேன். வாயெல்லாம் சிவப்பு. அது இரத்தம் இல்லை, சர்பத் என்று கைக்குட்டையால் துடைத்த பிறகுதான் புரிந்தது.

"நீங்க காணாமப் போயிட்டீங்கப்பா," என்றாள். "அதான் அசையாம இங்கேயே நின்னேன்."

இப்போது அவளுக்குப் பத்து வயது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட அடுத்த அறையில் சத்தம் நின்றால் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இந்தப் பத்திக்குள்ளேயே இரண்டு தடவை போய்வந்தாயிற்று.

கூட்டம் நடந்த அடுத்த வாரமே சந்தைக்குப் போனேன். மூங்கில் கூடையில் குஞ்சுகள் வைத்திருந்த சீனரிடம், கட்டாயம் ஒரு சேவலாவது இருக்க வேண்டும் என்று மலாயில் சொன்னேன். அவர் பழுப்புக் குஞ்சுகளாக ஐந்தை எடுத்துப் பெட்டியில் விட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, பஞ்சு உருண்டை மாதிரி வெள்ளையாக இருந்த ஒன்றையும் எடுத்து வைத்தார்.

"இது என்ன சாதி?" என்று கேட்டேன்.

"ஆயாம்," என்றார். மலாயில் கோழி என்று அர்த்தம்.

"ஆணா, பெண்ணா?"

"பெரிசானால் அதுவே சொல்லும்."

காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாழை மரங்களும் ஒரு கொய்யா மரமும் இருக்கிற சின்ன இடம் உண்டு. அங்கே பலகை அடித்துக் கூண்டு கட்டினேன். மூன்று மாதத்தில் பழுப்புக் குஞ்சுகள் ஐந்தும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பெட்டைகளாக வளர்ந்து நின்றன. மிச்சம் இருந்தது அந்தப் பஞ்சு உருண்டைதான்.

அது எதைப் போலவும் இல்லை. இறகு இறகாக இல்லாமல் மயிர் மயிராக இருந்தது. அதை ஒதுக்கிப் பார்த்தால் உள்ளே தோல் கன்னங்கரேல் என்று இருந்தது. மற்றவற்றுக்குக் காலில் நாலு விரல், இதற்கு ஐந்து. காலுக்கும் காலுறை போட்டதுபோல் மயிர். தலையில், அவசரமாக முடிந்து பாதி அவிழ்ந்துபோன கொண்டை. மற்ற கோழிகள் இரையைக் கொத்தும்போது இது சுற்றி நடந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் சாப்பிடும்.

"எங்க டீச்சர் மாதிரியே நடக்குதுலா," என்றாள் மகள். அன்றிலிருந்து அதற்கு டீச்சர் என்று பெயர். பள்ளி விட்டு வந்தால் புத்தகப்பை ஒரு பக்கம் விழும், டீச்சர் மடியில் ஏறும். அன்றைய பாடத்தை அதற்கு ஒப்பிப்பாள். தப்பாகச் சொன்னால் அது கண்ணை மூடிக்கொள்கிறது என்பாள்.

நேர்த்திக்கடன் விஷயத்தை என் மனைவி ஒருநாள் அவளிடம் சொல்லிவிட்டாள். மகள் நேராக என்னிடம் வந்தாள்.

"டீச்சர் பொம்பளையா இருந்தா?"

"பொம்பளையாக இருந்தால் ஒன்றும் இல்லை. முனியாண்டிக்குச் சேவல்தான்."

"அப்ப சரி. அது பொம்பளைதான். ஆம்பளைன்னா நான் சார்னுதானே கூப்பிட்டிருப்பேன்?"

அவளைப் பொறுத்தவரை விவகாரம் அதோடு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. அந்த மாதம் அவளுக்கு ஒரு பல் விழுந்தது. எட்டு வயதில் பல் விழாமல் வேறு எப்போது விழும் என்று மனைவி கேட்டாள். எனக்கு அது முனியாண்டி அனுப்பிய நினைவூட்டலாகத் தெரிந்தது. அடுத்த வாரம் மழையில் வழுக்கி வாய்க்காலில் விழுந்தாள். அது இரண்டாவது. இன்னொரு குஞ்சு வாங்கிச் சேவலாகப் பார்த்து வளர்க்கலாமே என்றாள் மனைவி. அதற்கு இன்னும் ஆறு மாதம் ஆகும். ஆறு மாதம் முனியாண்டியைக் காக்க வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே டீச்சர் ஆணா பெண்ணா என்பது உடனே தெரிந்தாக வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், ஒருவர் இருந்தார். அவருக்குத் தெரியாதது இல்லை. "காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கு தம்பி. தலையை நிமிர்த்திப் பார்த்தால் சேவல். தொங்கவிட்டால் பெட்டை," என்றார். மறுநாள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் செய்து பார்த்தேன்.

"என்ன செய்தது?" என்று கேட்டார்.

"என் சட்டையில் எச்சம் போட்டுவிட்டது."

"அதை இரண்டும் செய்யும்," என்று சொல்லிவிட்டுக் கோப்பைப் புரட்டினார்.

அடுத்து என் மனைவி மோதிரத்தை நூலில் கட்டிக் கொடுத்தாள். கோழியின் தலைக்கு மேல் பிடிக்க வேண்டும். வட்டமாகச் சுற்றினால் பெண், முன்னும் பின்னும் ஆடினால் ஆண். மோதிரம் முதலில் ஆடியது, பிறகு சுற்றியது, பிறகு எட்டு என்ற எண்ணைப் போட்டது.

"உங்க கைல்லா ஆடுது," என்றாள்.

அது உண்மை. மோதிரத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் மனைவி பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டாள். அவர் இந்த ஊரில் பல தலைமுறையாக இருக்கும் செட்டிக் குடும்பம். எங்களைப் போலவே விபூதி பூசுவார், பொங்கல் வைப்பார். பேச்சு மட்டும் மலாய். என் மனைவி நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவளுக்குத் தெரிந்த மலாய், மீன் என்ன விலை, குறைக்க முடியுமா என்பதோடு சரி. ஆனாலும் இருவரும் வேலியோரம் நின்று மணிக்கணக்கில் பேசுவார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் இருவரும் வேறு வேறு விஷயம் சொல்வார்கள்.

அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். அந்த அம்மாள் டீச்சரைக் கையில் எடுத்து, பின்பக்கத்து மயிரை ஊதி விலக்கி, வாலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் விரலை வைத்து அளந்து பார்த்தாராம். பார்த்துவிட்டு இரண்டே சொல்லில் சொல்லிவிட்டுப் போனாராம். சாயங்காலம் நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என்னங்க, தெரிஞ்சு போச்சு. அது தாராவாக்கும்."

நாகர்கோவில் பக்கம் வாத்தைத் தாரா என்பார்கள். கல்யாணமான புதிதில் தாரா முட்டை வாங்கி வரச் சொன்னாள். அது முட்டை வடிவத்தில் ஏதோ சாமான் என்று நினைத்து நான் இரும்புக் கடையில் விசாரித்திருக்கிறேன். இப்போது எனக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது.

"வாத்தா?"

"முழு வாத்து இல்ல. கோழித் தாரா. ஆயாம்னா கோழி, அது எனக்கும் தெரியும். ஆயாம் தாரா, ஆயாம் தாரான்னு மூணு தரம் சொன்னாங்கல்லா. ரெண்டும் கலந்த சாதி."

"ஆணா பெண்ணா என்று கேட்கச் சொன்னேனே."

"அதைத்தான் கேட்டேன். கேட்டது ஒண்ணு, அவங்க சொன்னது ஒண்ணு. என் மலாய் அவங்களுக்குப் புரியல போல."

நானே போய்க் கேட்டிருப்பேன். ஆனால் அன்று மத்தியானமே அந்த அம்மாள் மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போய்விட்டார். வருவதற்கு நாற்பது நாள் ஆகும்.

நான் கேம்பிரிட்ஜ் தேர்வு வரை படித்தவன். கோழிக்கும் வாத்துக்கும் குஞ்சு பிறக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். கறுத்த தோல். தட்டையாகத் தோன்றிய அலகு. ஐந்து விரல். பார்க்கப் பார்க்க அந்த நடையில் ஒரு வாத்து இருப்பது போலவே பட்டது. அலுவலகத்துப் பியூனிடம் பேச்சுவாக்கில், கோழிக்கும் வாத்துக்கும் கலப்பு உண்டா என்று கேட்டேன். அவர் என்னை அக்கறையோடு பார்த்து, இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

லீவு எடுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் துத்தநாகத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினேன். தாரா என்றால் மிதக்க வேண்டும் அல்லவா.

டீச்சர் தண்ணீரில் உட்கார்ந்தது. முகத்தில் மாற்றம் இல்லை. ஒரு நொடி மிதந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு மயிர் முழுவதும் தண்ணீரைக் குடிக்க, இருந்த கோலத்திலேயே, என்னைப் பார்த்தபடியே மெதுவாகக் கீழே போக ஆரம்பித்தது. இரண்டு கையாலும் வாரி எடுத்தேன். கையில் வந்தது ஒரு முஷ்டி அளவு இருந்தது. டீச்சர் என்று நாங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது பெரும்பாலும் மயிர்தான் என்று அன்று தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் கொல்லைப் பக்கம் வந்தாள். அவள் கத்தவில்லை. டீச்சரை வாங்கித் தன் துண்டில் சுற்றி, கரி அடுப்புப் பக்கம் கொண்டுபோய் வைத்து விசிறினாள். மயிர் காய்ந்து பழையபடி உப்பிய பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்களைத் தூக்கித் தண்ணியில போட்டா நீங்க தாராவாப்பா?"

"பாதி மிதந்ததுல்லா," என்றாள் மனைவி. "பாதி தாரா."

திங்கட்கிழமை பெரிய கிராணியிடம் போனேன். வாத்து என்றால் முறையே வேறு என்றார். "வாத்தில் பெண்தான் சத்தம் போடும். ஆணுக்குக் குரல் கம்மி. ஆணுக்கு வாலில் மயிர் சுருண்டிருக்கும்."

டீச்சர் அதுவரை ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. வாலில் சுருளைத் தவிர வேறு எதுவும் இல்லை. கோழிச் சட்டப்படி பார்த்தால் கூவாத அது பெட்டை. தாராச் சட்டப்படி பார்த்தால் ஐயத்துக்கு இடமில்லாத ஆண்.

"ஆனால் அண்ணே, நான் சேவல் என்றுதான் வாக்குக் கொடுத்தேன்."

"பாதி கோழி, முழு ஆண். அதற்குப் பெயர் சேவல்தான்," என்று தீர்ப்பு எழுதினார் பெரிய கிராணி. அவர் எழுதிய குறிப்பை அந்த அலுவலகத்தில் யாரும் மறுத்ததில்லை.

அப்படியும் நான் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒருநாள் மகள் கொய்யா மரத்திலிருந்து விழுந்தாள். கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளே எழுந்து மறுபடியும் ஏறினாள். ஆனால் விழுந்த சத்தத்தை நான் கேட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு என்று நாள் குறித்தேன். புக்கிட் ரம்பாய் பக்கம் ரப்பர்த் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்குச் சொல்லி அனுப்பினேன். டாக்சிக்கும் சொன்னேன்.

மகளை உட்கார வைத்து எடுத்துச் சொன்னேன். திடலில் என்ன நடந்தது, நான் என்ன வேண்டிக்கொண்டேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றாவிட்டால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு எப்படிப் பயமாக இருக்கிறது என்பதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நான் தொலையலப்பா. ஐஸ்காரர்கிட்டதான் நின்னேன். தொலைஞ்சது நீங்க. அதுக்கு டீச்சர் என்ன செஞ்சுச்சு?"

ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தது. பயத்தில் இருப்பவன் நான், கோழியை இழப்பவள் அவள். தெரிந்தும் டாக்சியை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு டாக்சி வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தது. டீச்சரை மூங்கில் கூடைக்குள் வைத்து மூடியிருந்தேன். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்புவதற்குள் மகள் பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு வந்து அந்தக் கூடை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரும்மா."

"மாட்டேன்."

"சாமி விஷயம்."

"நான் முனியாண்டிகிட்ட நேரா பேசிக்கிறேன். நீங்க நடுவுல பேசாதீங்க."

தூக்கிப் பார்த்தேன். அவளோடு கூடையும் சேர்ந்து வந்தது. உள்ளே டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. தாராச் சட்டப்படி அதுவும் அதற்கு எதிராகத்தான் போயிற்று. மனைவி தேங்காய்த் தட்டை வைத்துக்கொண்டு யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நின்றாள். டாக்சிக்காரர் இன்னொரு தடவை ஹாரன் அடித்தார். மகள் அழவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்போது பக்கத்து வீட்டு வாசலில் திரிஷா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஒன்று வந்து நின்றது. அந்த அம்மாள் இரண்டு மூட்டைகளோடு இறங்கினார். டாக்சியையும் தட்டையும் மகளின் முகத்தையும் பார்த்து யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார் போல. மூட்டைகளைக்கூடக் கீழே வைக்காமல் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஒன்றும் இல்லை," என்று மலாயில் விளக்கினேன். "நீங்கள் பார்த்துச் சொன்னீர்களே, அந்த வாத்துக்கோழி. அதைக் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம்."

"எந்த வாத்து?"

கூடையைக் காட்டினேன். அவர் என் மகளின் காதில் ஏதோ சொன்னார். நான் பத்து நிமிடமாகத் தூக்கியும் எழுந்திருக்காதவள் எழுந்து நின்றாள். அவர் டீச்சரை வெளியே எடுத்து வாலுக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொன்னார்.

"ஆயாம் டாரா."

"ஆமா, அதுதான், தாரா," என்றாள் மனைவி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாரா. கல்யாணமாகாத பெண்ணை மலாயில் அனாக் டாரா என்பார்கள். இருபது வருடமாகக் கல்யாண வீடுகளில் நான் கேட்டுக்கொண்டிருக்கும் சொல். ஆயாம் டாரா என்றால் இன்னும் முட்டையிடாத பெட்டை. அவர் அன்றே ஆணா பெண்ணா என்பதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார். அந்த டா நாகர்கோவில் காதுக்குள் போனதும் தா ஆகிவிட்டது. அதை நம்பித்தான் தண்ணீர்த் தொட்டி, சுருள் வால், பெரிய கிராணியின் தீர்ப்பு எல்லாம்.

என்ன சாதி என்றும் கேட்டுவைத்தேன். பட்டுக்கோழி, சீனர்கள் சூப் வைப்பார்கள் என்றார். மகள் உடனே டீச்சரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இது பெண் என்றால் என் நேர்த்திக்கடன் என்ன ஆவது?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் கம்மியாகத்தான் வந்தது. திடலில் நடந்தது அவருக்கும் தெரியும்.

அவர் அப்போதுதான் மூட்டைகளைக் கீழே வைத்தார்.

"பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து வருகிறேன். அங்கே எல்லோரும் பத்து மாதம் காத்திருந்தோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தச் சாதி அடைகாப்பதில் கெட்டி. உங்களுக்குச் சேவல் வேண்டுமென்றால் முதலில் இவளுக்கு ஒரு மாப்பிள்ளை பாருங்கள். முட்டை வைக்கட்டும், பொரிக்கட்டும், அதில் ஒன்று சேவலாக வராமல் போகாது. உங்கள் சாமி தோட்டத்தை விட்டு எங்கே போகப்போகிறார்? கூப்பிட்ட டாக்சி வீணாகுமே என்று பார்க்காதீர்கள். என்னைச் சந்தையில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள், வீட்டில் அரிசி இல்லை."